ஷீலாவுக்கு அடித்த துக்கமணி

எப்போதும்வென்றான் வழி
17.11.2025

அன்புள்ள தங்கை ஷீலாவுக்கு,

அண்ணன் மிக்கேல்ராஜ் எழுதுவது. உன் போனுக்கு அடித்துப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று செல்போன் கடை நந்தகோபால்தான் கண்டுபிடித்துச் சொன்னான். “அண்ணாச்சி, நீங்க நூறு தடவ அடிச்சாலும் அங்கன கேக்காது. அவிய கதவ அடச்சிட்டாவ” என்றான். தபால்காரருக்குக் கதவை அடைக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு விடுமுறை விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தவன், கூடப்பிறந்தவளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீ வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவில்பட்டி பைபாஸ் பங்கில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு மும்பைக்குக் கிளம்பினாய். தனியாக, புல்லட்டில், ஒரு பகல் ஒரு இரவுக்குள் போய்ச் சேருகிற பயணம். எனக்கு அதில் சம்மதமில்லை. இருந்தாலும் வீட்டில் ஒருவர் போன் வரைபடத்தில் உன் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் உங்கள் ரைடர் சங்கத்தின் விதி என்றாய். சரி என்று ஏற்றுக்கொண்டேன். சேலம், ஓசூர், பெங்களூர் என்று புள்ளி நகர நகர நானும் கண்ணை மூடவில்லை.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில், ஹிரியூர் தாண்டியதும், புள்ளி கொஞ்சம் பின்னுக்கு வந்து நின்றுவிட்டது. தூங்குகிறாய் என்று நினைத்தேன். அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். நந்தகோபால் தன் போனில் எங்கெங்கோ தேடிவிட்டு, அந்த ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து, தமிழ்நாட்டு நம்பர், ஓட்டியவர் இறந்துவிட்டார் என்று ஒரு குழுவில் போட்டிருப்பதைக் காட்டினான். ஆணா பெண்ணா என்று அதில் இல்லை.

நீ கேட்பாய், கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று. நம்முடையது கிளைக் கோயில். பங்குச் சாமியார் சனிக்கிழமை காலையில் மட்டும் வருகிறார். பூசைக்கு முன்னால் துக்கமணி அடித்தால்தான் அன்றைய பூசை இறந்தவருடைய ஆத்துமாவுக்கு ஆகும். விட்டால் ஒரு வாரம் நீ பூசை இல்லாமல் கிடப்பாய். அதுதான் என் தலைக்குள் ஓடியது. கோயில் உபதேசியார் கிங்ஸ்டனிடம் ஓடிப்போய் “அடிப்பா” என்றேன். “நெசமாவா சார்?” என்று கேட்டான். “அடிங்கேன்லா” என்றேன்.

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது, கதவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டுவிடுவது உண்டு. அவசரத்தில் நடப்பது. பாசமில்லாமல் நடப்பதில்லை. அப்படித்தான் இதையும் நீ எடுத்துக்கொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து நீ இந்தப் பக்கம் வரவில்லை. உன் மதினி எஸ்தர்ராணி கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு அரிசி ஊறப்போடும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, “ஷீலா வராம நான் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன்” என்கிறாள். கோபத்தை விட்டுவிட்டு பண்டிகைக்காவது வீட்டுக்கு வா.

அண்ணன்
மிக்கேல்ராஜ்


புதியம்புத்தூர்
22.11.2025

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. யூனிட் வாசலில் தபால்காரர் என் பெயரைக் கூப்பிட்டதும் தையல் மிஷின் அத்தனையும் நின்றுவிட்டன. “உயிர்த்தெழுந்த அக்காவுக்கு லெட்டரு! மேலேருந்தா, கீழேருந்தா?” என்று பூங்கொடி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு வாரமாக இப்படித்தான் போகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. சாவுக்கு மணி அடித்த பிறகு சம்பளம் வாங்கினவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் மணிக்கு மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மணிக்காக நான் உங்கள் எண்ணை அடைக்கவில்லை.

அன்றைக்கு நான் மதினி போனுக்கு அடித்து “நான் நல்லாருக்கேன்” என்று சொன்னது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் உங்கள் போனுக்கு அடித்தேன். அது உங்களுக்குத் தெரியாது. யாரோ எடுத்தார்கள். ஹலோ ஹலோ என்று கத்தினேன். பதில் இல்லை. ஆனால் இணைப்பு அறுபடவில்லை. போனை எங்கோ வைத்துவிட்டார்கள். கோயில் மணி கேட்டது. ஒற்றை ஒற்றையாக அடித்தது. யாருக்கோ என்று நினைத்தேன். உங்களுக்கோ மதினிக்கோ என்று பயந்தேன். பிறகு பொம்பளைகள் என் பெயரைச் சொல்லி அழுதார்கள். ரோட்டோரத்தில் உட்கார்ந்து என் சாவுக்கு நானே காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது உங்கள் குரல் வந்தது. பள்ளிக்கூடக் குரல். கூட்டத்தில் கடைசி ஆள் வரை கேட்கிற குரல்.

“நான் சொன்னாக் கேட்டாளா? கல்யாணம் வேண்டாம்னா. வண்டிதான் வேணும்னா. அதுவே கொண்டு போய்ச் சேத்துட்டு. இனிமேலாவது நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை. தினமும் அரை டஜன் தடவை காதில் கேட்கிறது, மறக்க வழியில்லை.

இதைக் கேட்ட பிறகுதான் அழைப்பைத் துண்டித்தேன். உங்கள் உதாரணத்திலேயே சொல்கிறேன். கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டீர்கள், சரி. “தொலைஞ்சான், வகுப்பு அமைதியாக இருக்கும்” என்று வாத்தியார் சொன்னது அந்தப் பிள்ளை காதில் விழுந்துவிட்டது. அந்தப் பிள்ளை இனி எந்த முகத்தோடு உள்ளே வரும்?

மதினியை அரிசி ஊறப்போடச் சொல்லுங்கள். எனக்காக அடுப்பைக் காயப்போட வேண்டாம். அந்த வார்த்தையை ஊரே கேட்டது. அந்த ஊருக்குள் நான் எப்படி வருவேன்?

ஜெயஷீலா


எப்போதும்வென்றான் வழி
27.11.2025

ஷீலா,

உன் கடிதத்தை வயலில் நின்று படித்தேன். உளுந்துக்குக் களையெடுக்க ஆள் விட்டிருந்தேன். படித்து முடித்துவிட்டு அவர்களைப் பார்த்து என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டேனாம்.

அடுத்த வீட்டுச் சீனித்தாயிடம் போய்க் கேட்டேன். அவள்தான் போனை எடுத்தவள். அழுதுவிட்டாள். “எனக்கு எழுத்துத் தெரியாது சாரே. உங்க தங்கச்சி படம் தெரிஞ்சுது. செத்தவ போன்லருந்து ஆஸ்பத்திரிக்காரன் கூப்பிடுதான்னு நெனச்சேன். பயத்துல மாவுப்பான மேல வச்சிட்டேன். யார்ட்டயும் சொல்லல” என்றாள். அவளை நான் எப்படிக் குறை சொல்வது? அந்த வீட்டில் அன்றைக்குப் பேசக் கூடாததைப் பேசியவன் நான் ஒருவன்தான்.

முதலில் உனக்கு ஒரு பதில் எழுதி வைத்தேன். துக்கத்தில் மனிதர்கள் எதையாவது பேசுவார்கள், அதற்குப் பொருள் தேடக் கூடாது என்று. எஸ்தர்ராணி அதை வாங்கிப் படித்துவிட்டு, “பொருள் இல்லாமலா சொன்னீங்க?” என்றாள். அத்தோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை.

பொருள் இருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கை கூசுகிறது. பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வருவார் என்று மாதக்கணக்கில் காத்திருப்போம். இன்றைக்கா நாளைக்கா என்று சோறு இறங்காது. கடைசியில் வந்து, நன்றாகத் திட்டிவிட்டுப் போவார். அவர் ஜீப் வாசலைத் தாண்டியதும் எங்கள் எல்லாருக்கும் ஒரே மூச்சில் அப்பாடா என்று இருக்கும். திட்டு வாங்கியது அதற்குப் பிறகுதான் உறைக்கும். நீ வண்டி வாங்கிய நாளிலிருந்து இந்தச் செய்திக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். செய்தி வந்துவிட்டது என்றதும், இனிப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று ஒரு மூச்சு விட்டேன். ஒரு மூச்சுதான். அந்த நேரத்தில் வாய் திறந்துவிட்டது. அதோடு, நான் சொன்னது பலித்துவிட்டது என்று ஊருக்குக் காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது. தங்கை செத்த வீட்டில் ஒருவனுக்கு அந்த ஆசை வரும் என்று நான் நினைத்ததில்லை. எனக்கு வந்தது.

ஊரார் முன்னால் சொன்னதை ஊரார் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் உன் கடிதம் வருவதற்கு முன்பே, போன சனிக்கிழமை, பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில் ஒரு தடவை எழுந்து நின்றேன். மணி அடித்ததற்காவது மன்னிப்புக் கேட்கலாம் என்று. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பழகின தடத்தில் மாடு போவதுபோல வாய் பாடம் நடத்தப் போய்விட்டது. சாலைப் பாதுகாப்பு, ஹெல்மெட், வதந்தியை நம்பாமை என்று எதையெதையோ பேசினேன். நடுவில் ஒரு உதாரணம் வேறு. உட்கார்ந்தபோது கைதட்டினார்கள். சாமியார் “சார் மாதிரி ஊருக்கு ஒருத்தர் வேணும்” என்றார். எஸ்தர்ராணி வீடு வந்து சேரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

அந்தக் கைதட்டலை நினைத்தால் உடம்பு எரிகிறது.

மிக்கேல்ராஜ்


புதியம்புத்தூர்
3.12.2025

அண்ணே,

இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். இங்கே மழை. பள்ளிச் சீருடை ஆர்டர் முடிந்துவிட்டதால் வேலையும் இல்லை.

உங்களுக்குக் கைதட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் தட்டுகிறார்கள். எங்கள் சங்கத்தில் ஜனவரி கூட்டத்தில் எனக்கு ஒரு கேடயம் கொடுக்கப் போகிறார்கள். ‘சாதனையை விட்டுக்கொடுத்து மனிதத்தைக் காத்தவர்’ என்று அதில் எழுத்து பொறிக்கிறார்களாம்.

ஹிரியூர் தாண்டி விபத்தில் இறந்தவர் ஒருவர் என்று நந்தகோபால் காட்டினானே, அந்தப் பையன் பெயர் கண்ணபிரான். தர்மபுரிக்காரன். அவன் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் என் புள்ளி நின்றது. போன் வண்டி ஹாண்டில்பாரில் மாட்டியிருந்தது. நீங்கள் அடித்தபோதெல்லாம் அங்கே மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. எழுந்து போய் எடுக்க முடியவில்லை. அவன் என் கையைப் பிடித்திருந்தான். ரோட்டோரம் அங்கேயும் நம்ம கரிசல் மண்தான். என் ஜாக்கெட்டைக் கழற்றி அவன் தலைக்கடியில் வைத்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டான்.

அவனை ஏற்றி அனுப்பிவிட்டு வண்டிக்கு வந்தேன். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. யாரிடமாவது என்ன, உங்களிடம்தான். திட்டினாலும் பரவாயில்லை, “ஏட்டி, எங்கன இருக்க?” என்று உங்கள் குரலில் ஒரு தடவை கேட்டால் போதும் என்று அடித்தேன். கேட்டது என்ன என்று முன்பே எழுதிவிட்டேன்.

ஆனால் நீங்கள் ஆய்வாளர் கதையை எழுதிய பிறகு எனக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யாருக்கும் தெரியாது.

நான் அவனைத் தாண்டிப் போய்விட்டேன், அண்ணே.

வண்டி விழுந்து கிடந்தது. ஆள் கிடந்தான். இரண்டு லாரிக்காரர்கள் இறங்கி நின்றார்கள். நான் வேகத்தைக் குறைத்தேன். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுபடி கியர் போட்டேன். தனி ரைடுக்குப் போகிறவர்களுக்குத் தலைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பங்கில் இவ்வளவு, அந்த டீக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று. கால் மரத்துப்போகும், கண் எரியும், ஆனால் அந்தக் கணக்கு மட்டும் தூங்காது. அன்றைக்கு எனக்கு நேரம் மிச்சமிருந்தது. நல்ல மிச்சம். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். கண்ணாடியில் ஆள் சிறுத்துக்கொண்டே போனான். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போனேன். அங்கே, நேரத்துக்குச் சாட்சியாக வைக்கும் பெட்ரோல் ரசீதுக்குக் கையை நீட்டியவள், அதை வாங்கவில்லை. அப்புறம்தான் திரும்பினேன். நடுத்தடுப்பில் இடைவெளி தேடி, சுற்றி, திரும்பி வந்தேன். ஒரு லாரிக்காரர் கிளம்பிப் போயிருந்தார். இன்னொருவர் மட்டும் செய்வதறியாமல் நின்றார். தண்ணீர் கொடுக்கக்கூட அவருக்குப் பயம். கண்ணபிரான் என்னைப் பார்த்ததும் “அக்கா” என்றான். தாண்டிப் போனதையும் அவன் பார்த்திருப்பானா என்று தெரியவில்லை.

முதலிலேயே நின்றிருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. டாக்டர் இல்லை நான். ஆனால் அந்த நேரம் முழுவதும் கையைப் பிடிக்க ஒரு ஆள் இல்லாமல் கிடந்தான்.

இப்போது அவன் அம்மா ராதாமணி தினமும் போன் செய்கிறார். கடைசியில் பக்கத்தில் இருந்த பிள்ளையை ஒரு தடவை பார்க்க வேண்டும், ஒரு வாய் சோறு போட வேண்டும் என்கிறார். நான் ஆர்டர் இருக்கிறது, மழை இருக்கிறது என்று சாக்குச் சொல்கிறேன். தனியாக எங்கும் போய்விடுவேன் என்று பேர் எடுத்தவளுக்கு தர்மபுரி வரை தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.

நீங்கள் கூட வருவீர்களா? பின்சீட்டில்தான்.

உங்கள் எண்ணை இன்னும் திறக்கவில்லை. எழுதுங்கள்.

ஷீலா


எப்போதும்வென்றான் வழி
8.12.2025

ஷீலாவுக்கு,

வாரேன்.

எஸ்தர்ராணியிடம் சொன்னேன். “வண்டியில மூச்ச விட்டுறாதீய” என்றாள். கோவில்பட்டிக்குப் போய் ஹெல்மெட் வாங்கினேன். கடைக்காரன் என் தலையை அளந்துவிட்டு, “பெரிய தலை அண்ணாச்சி, உள்ள நெறய இருக்கும்போல” என்றான். அதிகம் இல்லை என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தேன்.

உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. எஸ்தர்ராணிக்கும் காட்டவில்லை. அதற்குப் பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. உதாரணம் ஒன்றும் தோன்றவும் இல்லை.

சனிக்கிழமை மறுபடி எழுந்து நின்றேன். இந்தத் தடவை நான்கு வரிதான் சொன்னேன். “என் தங்கை செத்துவிட்டாள் என்று நினைத்து, நிம்மதியாகத் தூங்குவேன் என்று உங்கள் முன்னால் சொன்னேன். அது அண்ணன் சொல்லக்கூடிய சொல் அல்ல. அவள் அதைக் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை.” யாரும் கைதட்டவில்லை. கிங்ஸ்டன் மட்டும் வெளியே வந்ததும், “மணி அடிச்சவன் நானு, எனக்கும் பங்கு உண்டு சார்” என்றான். இல்லை என்றேன்.

பதின்மூன்றாம் தேதி விடியற்காலை பைபாஸ் பங்கில் நிற்கிறேன்.

மிக்கேல்ராஜ்


புதியம்புத்தூர்
16.12.2025

அண்ணே,

வந்து சேர்ந்துவிட்டேன். நீங்களும் இடுப்பு வலியோடு சேர்ந்திருப்பீர்கள். போக வர அவ்வளவு தூரம் நாம் இரண்டு வார்த்தைகூடப் பேசவில்லை. காற்றில் கேட்காது என்று இருவருக்கும் நல்ல சாக்கு. நீங்கள் மேட்டூர் ரோடு பிரியும் இடம் வரை என் ஜாக்கெட்டை விடாமல் பிடித்திருந்தீர்கள். தையல் விட்டுவிட்டது. நானே தைத்ததுதான், மறுபடி தைத்துக்கொள்வேன்.

அந்த வீட்டில் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் என்று பிரித்துவிட்டார்கள். அதனால் அடுப்படியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ராதாமணி அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் உதவிக்கு உட்கார்ந்தேன். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்த குறும்பெல்லாம் சொன்னார். பிறகு கேட்டார், “நீங்க பாத்ததும் நின்னுட்டீங்களாம்மா?”

இல்லை என்றேன். தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன் என்றேன். பங்க் வரை போனதைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வந்தது, வெங்காயத்துக்கா எதற்கா தெரியவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, “எவ்வளவு நேரம்?” என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். “அப்ப அவன் தனியாக் கெடந்தான்” என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்த வெங்காயத்தைப் போட்டுக் குழம்பு வைத்து எனக்குப் பரிமாறினார். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல், சோறு குறையக் குறையப் போட்டுக்கொண்டே இருந்தார். போட்டதையெல்லாம் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவங்கப்பாகிட்ட இதச் சொல்லாதீங்க. அவரு தாங்க மாட்டாரு. எங்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

அதிலிருந்து எனக்கு ஒரே பதைப்பு. நீங்கள் அவன் அப்பாவோடு முன்னறையில் ஒரு மணி நேரம் இருந்தீர்கள். உங்கள் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். அவரிடம் என்ன சொன்னீர்கள்?

கேடயம் வேண்டாம் என்று சங்கத்துக்கு எழுதிவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்வேன். இன்னும் கேட்கவில்லை.

ஷீலா


எப்போதும்வென்றான் வழி
19.12.2025

அன்புள்ள ஷீலாவுக்கு,

கேட்டாய், சொல்லிவிடுகிறேன்.

கண்ணபிரானின் அப்பாவோடு முன்னறையில் உட்கார்ந்தேன். சுவரில் மகன் படம் இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஒரு மனிதரின் எதிரில் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். திடீரென்று திரும்பி, “சார், நீங்க வாத்தியாரு. பொய் சொல்ல மாட்டீங்க. எம்பையன் விழுந்ததும் உங்க தங்கச்சி வந்துட்டாங்கதானே?” என்று கேட்டார்.

அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அதைத்தான் அவர் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“உடனே வந்துட்டா. அவன் கண்ண முழிச்சுப் பாத்தப்பவே அவ பக்கத்துலதான் இருந்தா” என்றேன்.

தடுமாறாமல் சொன்னேன், ஷீலா. பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது வருஷம் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவன். அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அது போதும் சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கையை விடவே இல்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. வண்டியில் திரும்பி வரும்போது காற்றடித்தும் அந்த வியர்வை காயவில்லை.

நீ உள்ளே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் முன்னறையில் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்காகச் சொன்னேனா, உனக்காகச் சொன்னேனா என்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு உண்மையும் தேவைப்படவில்லை, யோசனையும் தேவைப்படவில்லை. உன்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொல்வதற்கு எனக்கு இத்தனை வயசாக வேண்டியிருந்தது, அதுவும் பொய்யாகத்தான் வந்தது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

ராதாமணி அம்மாவும் அவரும் ஒரே வீட்டில் இரண்டு கதையோடு இருப்பார்கள். ஒருநாள் பேசிக்கொண்டால் நான் பொய்யன் என்று தெரிந்துவிடும். தெரியட்டும். அந்த வீட்டுக்கு மறுபடி போக வேண்டியிருந்தால் நானே போய்ச் சொல்கிறேன். பஸ்ஸில் போகிறேன்.

எஸ்தர்ராணி அரிசி ஊறப்போட்டுவிட்டாள், நீ வருவாய் என்று நான் சொல்லவில்லை, அவளாகவே போட்டாள். இருபத்துநான்காம் தேதி வந்தால், வண்டியை மெயின்ரோட்டில் சீனித்தாயின் மகள் பானு கடையில் விட்டுவிடு. மூன்று நாள் மழையில் நம் மண்பாதை சேறாகிக் கிடக்கிறது, கரிசல் மட்கார்டுக்குள் அப்பினால் வண்டி ஒரு அடி நகராது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நட. வழியில் யாராவது ஏதாவது சொல்லிச் சிரித்தால் சிரிக்கட்டும். நான் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
மிக்கேல்ராஜ்